பள்ளி மூடியிருக்கிறது, பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள்? கடலூர்ப் பெற்றோர் அடிக்கடி கேட்ட கேள்விகள்

கடலூர் முதுநகர்ப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். மே 10-ஆம் தேதி கொரோனா முழு ஊரடங்கு தொடங்கியதிலிருந்து தினமும் ஐந்தாறு வீடுகளுக்குப் போன் பேசுகிறேன். நான் பாடத்தைப் பற்றிக் கேட்கத்தான் கூப்பிடுவேன், ஆனால் பேச்சு வேறு எங்கோ போய் நிற்கும். அப்படி வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். இது 2021 ஜூலை முதல் வாரம்.

பள்ளி எப்போது திறக்கும் டீச்சர்?

தேதி இன்னும் அறிவிக்கவில்லை. பிள்ளை கேட்டால் அதையே சொல்லுங்கள். "அடுத்த மாசம் திறந்துடும்" என்று சமாதானத்துக்குச் சொல்லாதீர்கள். போன வருடம் முழுக்க அப்படிச் சொல்லிச் சொல்லி, இப்போது நாம் எதைச் சொன்னாலும் பிள்ளைகள் நம்புவதில்லை.

2020 மார்ச் நடுவில் மூடினோம். 2021 ஜனவரி 19-இல் பத்தும் பன்னிரண்டும் வந்தார்கள், பிப்ரவரி 8-இல் ஒன்பதும் பதினொன்றும் வந்தார்கள். மார்ச் 22-இலிருந்து பன்னிரண்டைத் தவிர மற்றவர்களுக்கு மறுபடி மூடல். எட்டாம் வகுப்பு வரைக்கும் உள்ள பிள்ளைகளுக்கு இந்த வாய்ப்புகூடக் கிடைக்கவில்லை. எனக்கு இந்த வருடம் ஏழாம் வகுப்பு. போன வருடம் எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பு சேர்ந்து, பெஞ்சில் ஒரு நாள்கூட உட்காராமல் ஏழாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் அவர்கள். பலருடைய குரல் எனக்குத் தெரியும், முகம் தெரியாது. ஒரு பெண் போனில் கேட்டாள்: "டீச்சர், நம்ம கிளாஸ்ல ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கு?" அன்றே போய் வகுப்பறையைப் படம் எடுத்து அனுப்பினேன். அவள் வீட்டில் படம் பார்க்கிற போன் இல்லை. பக்கத்து வீட்டு அக்காவின் போனில் போய்ப் பார்த்திருக்கிறாள்.

எங்கள் வீட்டில் டச் போன் இல்லை. பிள்ளை படிப்பு போய்விட்டதா?

இல்லை. இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதில் முதலில் தப்புச் செய்தவள் நான்தான். 2020 ஜூனில் வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்து, தினமும் வீட்டுப்பாடம் போட்டேன். 41 பிள்ளைகள் உள்ள வகுப்பில் குரூப்பில் இருந்தது 19 பேர். அந்த 19 பேரையே வகுப்பு என்று நினைத்து இரண்டு மாதம் ஓட்டிவிட்டேன். மீதிப் பேரில் ஒரு பையனின் அப்பா ஆகஸ்டில் ரேஷன் கடை வரிசையில் என்னைப் பார்த்து, "பள்ளிக்கூடத்துல எங்க புள்ள பேரை எடுத்துட்டாங்களா டீச்சர்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அவர் பயந்து கேட்டார்.

அதற்கப்புறம் நடைமுறையை மாற்றினேன். பட்டன் போனுக்கு வாரம் ஒரு முறை, ஒரே நாளில், ஒரே நேரத்தில் கூப்பிடுவேன். அப்பா வேலையிலிருந்து வரும் ஏழு மணிக்குப் பிறகுதான் பல வீடுகளில் போன் கையில் கிடைக்கும், அதனால் சாயங்காலம் ஏழிலிருந்து எட்டு. முதல் கேள்வி "சாப்பிட்டியா, இன்னிக்கு என்ன குழம்பு?" அப்புறம்தான் புத்தகம். பத்து நிமிடத்தில் ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டாலே, பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

உங்கள் பக்கம் செய்ய வேண்டியது மூன்று. விலையில்லாப் பாடப்புத்தகங்களைப் பள்ளியில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். டி.வி. இருந்தால் கல்வித் தொலைக்காட்சி பார்க்கச் சொல்லுங்கள். 2019 ஆகஸ்டிலிருந்தே இருக்கும் சேனல் அது. இந்த வருடப் பாடங்கள் ஜூன் 19-இல் தொடங்கியிருக்கின்றன, எந்த வகுப்புக்கு எப்போது என்கிற அட்டவணையைப் பள்ளி வாசலில் ஒட்டியிருக்கிறோம். அப்புறம், போன் நம்பர் மாறினால் தயவுசெய்து சொல்லுங்கள். ரீசார்ஜ் முடிந்து சிம் செத்துப்போன வீடுகளைத் தெரு தெருவாகத் தேடிப் போக வேண்டியிருந்தது.

ஆன்லைன் வகுப்பு உள்ளவர்கள் எவ்வளவு நேரம் பார்க்கலாம்?

மத்திய அரசு 2020 ஜூலையில் ஒரு வழிகாட்டுதல் கொடுத்தது. ஒன்றிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ஒரு நாளைக்கு இரண்டு வகுப்பு, ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிடம். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு. காலை ஒன்பது மணியிலிருந்து மாலை வரை ஆறு வயதுப் பிள்ளையை உட்கார வைக்கும் பள்ளியில் உங்கள் பிள்ளை படித்தால், இதைச் சொல்லிக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

சுனாமியையே பார்த்த ஊர் இது. இதற்குப் போய் பிள்ளைகள் மனசு உடைந்துவிடுமா?

பெரும்பாலும் ஆயாக்களும் தாத்தாக்களும்தான் இதைக் கேட்கிறார்கள். கேட்க அவர்களுக்கு நியாயம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26-இல் தேவனாம்பட்டினமும் சோனங்குப்பமும் பட்டதை அவர்கள் கண்ணால் பார்த்தவர்கள். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்துப் பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. 2015-இல் வெள்ளம். போன நவம்பரில் நிவர் புயல், அதற்கு அடுத்த வாரமே புரெவி மழை.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது, அதை நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அந்த எல்லாச் சமயத்திலும் நாம் ஓடிப்போய் நின்ற இடம் பள்ளிக்கூடம். ஒரே கூரைக்குக் கீழே நூறு குடும்பம் படுத்தது, பெரிய பாத்திரத்தில் பொங்கியது, அழுகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார யாராவது இருந்தார்கள். பிள்ளைகள் அந்தக் கூட்டத்திலேயே விளையாடித் தேறினார்கள். இந்த முறை முதலில் பூட்டியதே பள்ளிக்கூடத்தைத்தான், பக்கத்தில் உட்காரவும் கூடாது என்று சொல்லிவிட்டோம். பிள்ளைகளுக்குத் தெம்பு குறைந்துவிடவில்லை. தெம்பு வருகிற வழிதான் அடைபட்டிருக்கிறது. அந்த வழியைச் சின்ன அளவிலாவது திறந்து வைப்பதற்குத்தான் இந்தப் போன் பேச்செல்லாம்.

சுனாமியில் நீங்கள் எப்படிப் பயந்தீர்கள், அப்புறம் எப்படி மீண்டும் கடலுக்குப் போனீர்கள் என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள் ஆயா. "நாங்க எவ்வளவோ பார்த்துட்டோம்" என்று ஒரு வரியில் முடித்தால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். கதையாகச் சொன்னால் அதுவும் தன் பயத்தைச் சொல்லும்.

பையன் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான். இல்லாவிட்டால் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். திமிரா, வேறு ஏதாவதா?

பெரும்பாலும் திமிர் இல்லை. பெரியவர்களுக்குக் கவலை என்றால் "கவலையா இருக்கு" என்று சொல்லத் தெரியும். பிள்ளைகளுக்கு அது வயிற்று வலியாக வரும், தலைவலியாக வரும், தம்பியை அடிப்பதாக வரும். எட்டு வயதுப் பிள்ளை திரும்பவும் படுக்கையை நனைக்கலாம். திட்டினால் கூடும், குறையாது.

முதலில் தூக்கத்தைச் சரிசெய்யுங்கள். ஒன்றரை வருடமாக இரவு ஒரு மணிக்குத் தூங்கிப் பகல் பதினொன்றுக்கு எழும் பிள்ளைகள் நிறைய. எழும் நேரத்தைத் தினம் கால் மணி நேரமாக முன்னால் கொண்டு வாருங்கள், ஒரே நாளில் அடித்து எழுப்பாதீர்கள். வீட்டில் ஒரு பொறுப்பு கொடுங்கள். வலை பின்னுவதோ, கோழிக்குத் தீனி வைப்பதோ, ஆயாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பதோ, அவன் செய்யாவிட்டால் நடக்காது என்கிற மாதிரி ஒன்று. அப்புறம் பேச்சு. எதிரில் உட்கார வைத்து "என்னடா உன் பிரச்சினை" என்று கேட்டால் ஒரு பையனும் சொல்லமாட்டான். கூடச் சேர்ந்து ஏதாவது வேலை செய்யும்போது, முகம் பார்க்காமல் பேசும்போது வரும்.

இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடு, தூக்கம், விளையாட்டு எதிலும் நாட்டமில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். "செத்துப்போனா நல்லா இருக்கும்" என்று ஒரே ஒரு முறை சொன்னாலும் அதை மிரட்டல் என்று தள்ளாதீர்கள். தனியாக விடாதீர்கள், பூச்சிமருந்து, மாத்திரை, கயிறு எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள், அன்றே மருத்துவரிடம் போங்கள். மஞ்சக்குப்பத்தில் இருக்கும் அரசுத் தலைமை மருத்துவமனையில் பார்க்கலாம். 104 என்கிற மருத்துவ உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் போன் செய்யலாம். "ஏன் இப்படி நினைச்சே?" என்று குற்றம்போலக் கேட்காமல், "எவ்வளவு நாளா இப்படி இருக்கு?" என்று கேளுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் அந்த எண்ணத்தை நாமே கொடுத்ததாக ஆகிவிடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது. கேட்ட பிறகுதான் பிள்ளைக்கு மூச்சே வருகிறது.

வீட்டில் கொரோனாவில் சாவு. பிள்ளையிடம் என்ன சொல்வது?

உண்மையைச் சொல்லுங்கள். "அப்பா வெளியூர் போயிருக்கார்", "சாமிகிட்ட தூங்குறார்" என்று சொன்னால் சின்னப் பிள்ளை தினமும் வாசலைப் பார்க்கும், இல்லாவிட்டால் தூங்கவே பயப்படும். "அப்பா செத்துட்டார். டாக்டர்கள் எவ்வளவோ பார்த்தும் முடியலை. இனிமேல் வரமாட்டார். நாங்க இருக்கோம்." இதைச் சொல்வது எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியும், என் வகுப்பில் இரண்டு பிள்ளைகளுக்கு இந்த ஜூனில் நடந்தது.

முகம் பார்க்காமல், எடுத்துப் போனதைக்கூடப் பார்க்காமல் போனது பிள்ளைகளை வேறு மாதிரி அரிக்கிறது. ஒரு பையன் தான் தும்மியதால்தான் அப்பாவுக்கு வந்தது என்று மூன்று வாரம் மனதுக்குள் வைத்திருந்தான். அதனால் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்: "உன்னால வரலை, யாராலயும் வரலை." காரியம் முறையாகச் செய்ய முடியாமல் போயிருந்தால், படத்துக்கு முன்னால் பிள்ளை கையால் விளக்கு ஏற்றச் சொல்லுங்கள், அப்பாவுக்குப் பிடித்ததைப் படைக்கச் சொல்லுங்கள். மசூதி, தேவாலயம் போகிறவர்கள் அவரவர் முறையில். பிள்ளைக்கு விடை கொடுக்க ஒரு நாள் வேண்டும், தள்ளிப்போனாலும் பரவாயில்லை.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மே 29-இல் தமிழ்நாடு அரசு அறிவித்தபடி, தாய் தந்தை இருவரையும் கொரோனாவில் இழந்த பிள்ளையின் பெயரில் 5 லட்சம் ரூபாய் வைப்பு வைக்கப்படும், 18 வயது முடியும்போது வட்டியோடு கிடைக்கும். உறவினர் வீட்டில் வளர்ந்தால் மாதம் 3,000 ரூபாய். ஒருவரை இழந்திருந்தால், இருக்கும் தாய்க்கோ தந்தைக்கோ 3 லட்சம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பரிசோதனை முடிவு, மருத்துவமனைக் காகிதம், இறப்புச் சான்றிதழ் எதையும் தொலைக்காதீர்கள். மனு எழுத யாரும் இல்லை என்றால் பள்ளிக்கு வாருங்கள், நானே எழுதித் தருகிறேன். பாகூர், தவளக்குப்பம் பக்கமிருந்து படிக்க வரும் பிள்ளைகளின் குடும்பம் புதுச்சேரி நிர்வாகத்தில்தான் விசாரிக்க வேண்டும்.

எங்களுக்குக் கொரோனா வந்து சரியாகி ஒரு மாதம் ஆகிறது. தெருவில் இன்னும் பிள்ளையைச் சேர்ப்பதில்லை.

போன வருடம் மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து திரும்பியவர்களால் நம் மாவட்டத்தில் எண்ணிக்கை திடீரென ஏறியபோது, "கோயம்பேடு" என்றே ஒரு பிள்ளைக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பிள்ளை இன்றைக்கும் அந்தச் சொல்லைக் கேட்டால் தலையைக் குனிகிறது. குணமான பிறகு அந்த வீட்டிலிருந்து தொற்றாது. எந்தத் தெரு என்று சொல்லுங்கள், நான் வந்து பேசுகிறேன். டீச்சர் வந்து அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தால் பாதிப் பேச்சு நின்றுவிடும்.

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு ரத்து. "ஓசி பாஸ்" என்று சொந்தக்காரர்களே கேலி செய்கிறார்கள். பெண் அழுகிறாள்.

ஜூன் 5-இல் ரத்து செய்தார்கள். மதிப்பெண் எப்படி என்பதும் இப்போது தெரிந்துவிட்டது: பத்தாம் வகுப்பிலிருந்து 50 விழுக்காடு, பதினொன்றிலிருந்து 20, பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறை மற்றும் அகமதிப்பீட்டிலிருந்து 30. ஆக, சும்மா போட்ட மதிப்பெண் இல்லை, அவள் மூன்று வருடம் உழைத்தது. கேலி செய்கிறவரிடம் பிள்ளைக்கு முன்னாலேயே நீங்கள் பதில் சொல்லுங்கள். அவள் அழுவது மதிப்பெண்ணுக்காக மட்டும் இல்லை. கடைசிப் பரீட்சை எழுதி, சட்டையில் மை அடித்து, தோழிகளோடு போட்டோ எடுத்துப் பிரிகிற நாள் அவளுக்குக் கிடைக்கவில்லை. அது சின்ன இழப்பு இல்லை.

ஜூன் பாதிக்கு அப்புறம் வீட்டில் சண்டை. பிள்ளைகள் பயப்படுகிறார்கள்.

புரிகிறது. மே மாதம் கையில் காசில்லை, ஆனால் வீடு அமைதியாக இருந்தது என்று இரண்டு பிள்ளைகள் என்னிடமே சொன்னார்கள். 14-ஆம் தேதி நம் மாவட்டம் உட்பட 27 மாவட்டங்களில் டாஸ்மாக் திறந்தது. குடித்துவிட்டு வரும் இரவுக்குப் பிள்ளைகள் எந்த வீட்டுக்கு ஓட வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்து வையுங்கள், அந்த வீட்டு அக்காவிடமும் சொல்லி வையுங்கள். உதவிக்குக் கூப்பிட வேண்டிய எண் உங்களுக்கு 181, பிள்ளைகளுக்கு 1098, இரண்டும் இலவசம். போனில் வெளிப்படையாகச் சொல்ல முடியாவிட்டால், "டீச்சர், நோட்டு தீர்ந்துடுச்சு" என்று மட்டும் சொல்லுங்கள். என் வகுப்பில் அது எங்களுக்குள் வைத்திருக்கும் வார்த்தை. நான் வருவேன்.

சும்மா இருக்கிறானே என்று வேலைக்கு அனுப்பினால் என்ன? பெண்ணுக்கு நல்ல இடம் வந்திருக்கிறது...

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்கியதும் இந்தக் கேள்வி அதிகமாகிவிட்டது. சம்பாதிக்கிறவர் கையில் ஒரு வருடமாகப் பணமில்லை, நான் இதை அலட்சியமாகப் பேசவில்லை. ஆனால் 14 வயதுக்குக் கீழே வேலைக்கு வைப்பது குற்றம், 18 வரை ஆபத்தான வேலை கூடாது. அப்பாவுக்கு மீன் பிரிக்க ஒத்தாசை செய்வது வேறு, ஐஸ் கம்பெனியில் கூலிக்கு நிற்பது வேறு. தினம் 300 ரூபாய் பார்த்த பையன் பள்ளி திறந்ததும் திரும்பி வருவது கடினம். கடன் நெருக்கடி என்றால் மறைக்காமல் சொல்லுங்கள், பள்ளி மேலாண்மைக் குழுவிலும் பழைய மாணவர்களிடமும் பேசி மளிகைக்காவது வழி செய்யப் பார்க்கிறோம். இதுவரை பதினோரு வீடுகளுக்குச் செய்திருக்கிறோம்.

பெண்ணுக்கு 18 ஆகும் முன் கல்யாணம் கூடவே கூடாது. கூட்டமில்லாமல் செலவு குறைவாக முடிந்துவிடும் என்பதற்காக ஒன்பதாம் வகுப்புப் பெண்ணைக் கொடுக்கப் பார்த்த வீட்டுக்கு நானே போய் நின்றேன். அவள் இப்போது பத்தாம் வகுப்பு.

எந்நேரமும் போனில் ஃப்ரீ ஃபயர் விளையாட்டுதான். போனைப் பிடுங்கலாமா?

பிடுங்கினால் பக்கத்து வீட்டில் போய் விளையாடுவான். நேரம் பேசி முடிவு செய்யுங்கள், சாப்பிடும்போதும் படுக்கும்போதும் வீட்டில் யார் கையிலும் போன் இல்லை என்று வையுங்கள், உங்கள் கையிலும்தான். விளையாட்டை விட எனக்குப் பயம் வேறு. தெரியாத ஆள் படம் அனுப்பச் சொன்னாலோ, படிப்புச் சொல்லித் தருபவரே தப்பாகப் பேசினாலோ பிள்ளை உங்களிடம் சொல்ல வேண்டும். "சொன்னா அம்மா போனைப் பிடுங்கிடுவாங்க" என்கிற பயமே அதைத் தடுக்கிறது. சொன்னால் திட்டமாட்டேன் என்று இன்றைக்கே சொல்லி வையுங்கள்.

சத்துணவு?

சமைத்த சாப்பாட்டுக்குப் பதில் அரிசி, பருப்பு, முட்டை கொடுக்கப்படுகிறது. வந்து வாங்குங்கள், கூச்சம் வேண்டாம். முட்டை பிள்ளைக்குப் போகட்டும்.

ஆசிரியர்களுக்கு யார் இருக்கிறார்கள்?

ஒரு தாய் இதைக் கேட்டார், நான் எதிர்பார்க்கவில்லை. எங்களில் நால்வர் சனிக்கிழமை சாயங்காலம் போனில் சேர்ந்து பேசுகிறோம். அந்த வாரம் கேட்ட துக்கத்தை ஒருவருக்கொருவர் இறக்கி வைக்கிறோம். இதைப் படிக்கும் மற்ற ஆசிரியர்கள் தனியாகச் சுமக்காதீர்கள்.

பள்ளி திறந்தால் முதல் நாள் என்ன கொண்டு வர வேண்டும்?

எதுவும் வேண்டாம். முதல் வாரம் பரீட்சை கிடையாது, ஹெச்.எம்.மிடம் பேசிவிட்டேன். பழைய யூனிஃபார்ம் சின்னதாகிப் போயிருக்கும், கலர் டிரஸ்ஸிலேயே அனுப்புங்கள். மாஸ்க் இல்லாவிட்டால் வாசலில் தருவோம். முதல் நாள் ஒவ்வொருவரும் எழுந்து பெயர் சொல்லுவார்கள், நான் குரலுக்கு முகத்தைப் பார்த்துக்கொள்வேன். ஜன்னல் பக்கத்து இடம் யாருக்கு என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டது.